மோட்டாரை நிறுத்துவது வேறு, கரண்டைத் துண்டிப்பது வேறு

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)

வழக்கமாக உங்களோடு விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவன் நான். இன்றைக்கு அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் பம்புசெட் கொட்டகைச் சுவரில் தொங்குகிற இரும்புப் பெட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். மெயின் சுவிட்ச் பெட்டியைத்தான் சொல்கிறேன். "அதுல பேச என்னங்க இருக்கு? கைப்பிடியை மேலே தூக்கினா ஓடும், கீழே இறக்கினா நிக்கும்" என்பீர்கள். சரிதான். ஆனால் அந்தப் பெட்டி நம் கிணற்றடிக்கு எப்படி வந்தது, ஏன் வந்தது என்ற கதை தெரிந்தால், அதை நீங்கள் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

முதலில் நான் கண்ட ஒரு சம்பவம். ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன், இந்த வேலைக்கு நான் வந்த புதிது. ஆரணிக்கு மேற்கே ஒரு சிற்றூர். பட்டுச்சேலைக்குப் பேர்போன ஆரணி அல்ல. பொன்னேரிக்குப் பக்கத்தில், ஆரணியாற்றங்கரையில் இருக்கும் நம் ஆரணி. அந்த ஊரில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. உள்ளே பாதி ஆழத்தில் மேடை கட்டி மோட்டாரையும் பம்பையும் வைத்திருந்தார்கள். இரண்டையும் இணைக்கிற கப்ளிங்கில் ரப்பர் புஷ் தேய்ந்து, மோட்டார் ஓடும்போது கடகடவென்று சத்தம். ஒருநாள் பிற்பகல் கரண்ட் இல்லை. "இப்பவே புஷ்ஷை மாத்திடலாம்" என்று அண்ணன்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினார். தம்பி மேலே கிணற்றோரம் உட்கார்ந்திருந்தார். கொட்டகைக்குள் யாருமே போகவில்லை. மெயின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. ஸ்டார்ட்டரில் ஆட்டோவும் போட்டிருந்தது.

கரண்ட் வந்தது. மோட்டார் தானாகப் புறப்பட்டது. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது அந்த மனிதர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது: "கரண்ட் இல்லன்னுதானே சார் இறங்கினேன்!"

அவர் சொன்னதில் பொய் இல்லை. கரண்ட் இல்லாமல்தான் இருந்தது. ஆனால், நேயர்களே, கரண்ட் இல்லாமல் இருப்பது வேறு. கரண்டை நாம் துண்டித்து வைப்பது வேறு. முதலாவது அடுத்தவர் கையில் இருக்கிறது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது. இன்றைய பேச்சின் சாரம் இதுதான். மற்றதெல்லாம் இதன் வரலாறு.

கண்ணுக்குத் தெரிந்த காலம்

நம் தாத்தா காலத்தில் தண்ணீர் இறைத்தது ஏற்றமும் கவலையும். ஏற்ற மரத்தின் மேல் ஆள் நடந்தால் சால் இறங்கும், ஏறும். ஆள் இறங்கிவிட்டால் ஏற்றம் நின்றுவிடும். கவலையில் மாடு சரிவில் இறங்கினால் தண்ணீர் மேலே வரும். நுகத்தடியைக் கழற்றி மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டால் கவலை நின்றுவிடும். வடம் அறுந்தால் முடிச்சுப் போட, சால் கிழிந்தால் தைக்க, எந்தப் பயமும் இல்லாமல் உட்காரலாம். ஏனென்றால், இயக்குகிற சக்தி கண்ணெதிரே வேப்பமரத்தடியில் வைக்கோல் தின்றுகொண்டிருக்கிறது! அது தானாக வந்து நுகத்தில் பூட்டிக்கொள்ளாது. அந்தக் காலத்திலும் வடம் அறுந்து விபத்து நடந்தது உண்டு. ஆனால் 'நின்றுவிட்டதா, இல்லையா' என்ற சந்தேகத்தால் விபத்து நடந்ததில்லை.

அடுத்து எண்ணெய் எஞ்சின் வந்தது. 1900-க்குப் பிந்தைய ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் எஞ்சினையும் பம்பையும் கொண்டு கிணற்றுப் பாசனம் செய்யலாம் என்று ஊர் ஊராகச் சோதித்துக் காட்டியவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். இறைவைப் பாசனம் பற்றி 1912-இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். எஞ்சினை நிறுத்த எண்ணெயை அடைத்தால் போதும். சக்கரம் சற்று நேரம் சுற்றி அடங்கும். அதன் பிறகு அதை மறுபடி கிளப்ப ஓர் ஆள் கைப்பிடி போட்டு, மூச்சுப் பிடித்துச் சுற்ற வேண்டும். ஆக, எஞ்சினும் தானாகப் புறப்படாது. நின்றது நின்றதுதான்.

கண்ணுக்குத் தெரியாத மாடு

மின்சாரம் வந்ததும் இந்தக் கணக்கு மாறிப்போயிற்று. நம் கிணற்றில் ஓடுகிற மும்முனை மோட்டார், அதாவது த்ரீ பேஸ் மோட்டார், 1889-ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பாவில் உருவானது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் வேலை பார்த்த டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி என்ற பொறியாளர். 1891-இல் ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. லாஃபன் என்ற ஊரில் ஆற்றுத் தண்ணீரால் மின்சாரம் எடுத்து, 175 கிலோமீட்டர் தூரம் கம்பியில் கொண்டுவந்தார்கள். அந்த மின்சாரத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது. இன்னொன்றும் செய்தார்கள்: சுமார் 100 குதிரைச் சக்தி மோட்டாரைப் பம்போடு பூட்டி, தண்ணீரை மேலே ஏற்றி, ஒரு செயற்கை அருவியாக விழவைத்தார்கள். உலகம் கூடிப் பார்த்த அந்த மும்முனை மோட்டார் செய்த வேலை என்ன பாருங்கள். நம் மோட்டார் செய்கிற அதே தண்ணீர் இறைக்கிற வேலைதான்!

அந்த அருவியைப் பார்த்தவர்கள் வியந்தது எதற்கு? மாடு இங்கே இல்லை. 175 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆச்சரியமும் அதுதான், ஆபத்தும் அதுதான். இழுக்கிற மாடு கண்ணில் படாது. அது கட்டப்பட்டிருக்கிறதா, அவிழ்ந்து வருகிறதா என்று நமக்குத் தெரியாது.

நம் பக்கம் வருவோம். 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம். பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர்ப் பக்கம் இறங்கியதும் மில்கள் பெருகின. கிணறுகளுக்கும் மோட்டார் வந்தது. 1937-இல் கோவையிலேயே மோட்டார் செய்து காட்டினார்கள். பாலசுந்தரம் நாயுடு, ஜி.டி. நாயுடு ஆகியோர் பேர் அதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த சரக்கு பீளமேட்டில் கிடைக்கும் சரக்காக ஆயிற்று. 1957 ஜூலை 1-ஆம் தேதி மாநில மின்சார வாரியம் அமைந்தது. அதற்குப் பிறகு கம்பம் நடாத கிராமம் இல்லை என்கிற அளவுக்கு வேலை நடந்தது. அன்றைக்குச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த நம் பொன்னேரித் தாலுக்காவிலும் கவலை ஓடிய கிணறுகள் ஒவ்வொன்றாக மோட்டார்க் கிணறுகள் ஆயின. இன்று தமிழ்நாடு முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன.

இரும்புப் பெட்டி பிறந்த கதை

ஆரம்ப கால சுவிட்ச் எப்படி இருந்தது தெரியுமா? கற்பலகை மேல் செம்புக் கத்தி போல ஒரு தகடு. அதைப் பிடித்து இழுத்தால் துண்டிக்கும், அழுத்தினால் சேரும். நன்மை என்னவென்றால், துண்டித்தது கண்ணுக்குத் தெரியும். நடுவே காற்று இடைவெளி இருக்கும். தீமை என்னவென்றால், எல்லாம் திறந்து கிடக்கும். கை பட்டால் ஆள் இல்லை. ஆகவே அந்தக் கத்தி சுவிட்சை இரும்புப் பெட்டிக்குள் அடைத்தார்கள். மூன்று முனையும் ஒரே கைப்பிடியில் ஒன்றாகச் சேரவும் ஒன்றாகப் பிரியவும் செய்தார்கள். அதோடு, கைப்பிடி 'ஆன்' பக்கம் இருந்தால் மூடி திறக்காது, மூடி திறந்திருந்தால் கைப்பிடி ஏறாது என்று ஒரு கொண்டியும் வைத்தார்கள். நம் கொட்டகையில் இருப்பது அந்தப் பெட்டிதான். (அந்தக் கொண்டியைச் சுத்தியலால் அடித்து எடுத்துவிட்டு, மூடி இல்லாமல் வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை. அவரவர் மனச்சாட்சிக்குத் தெரியும்.)

சும்மா பழக்கத்தால் வந்த பெட்டி அல்ல அது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில், 50-ஆவது விதி இதைச் சொல்லிற்று. ஒவ்வொரு மோட்டாருக்கும் எல்லா முனைகளையும் சேர்ந்தாற்போலத் துண்டிக்கிற சுவிட்ச் இருக்க வேண்டும். அது மோட்டாருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மோட்டாரை ஓட்டுகிறவர் கைக்கு எளிதில் எட்ட வேண்டும். அதை இறக்கினால் மோட்டாருக்கும் அதைச் சேர்ந்த கருவிகளுக்கும் போகிற மின்சாரம் முழுவதும் நின்றுபோக வேண்டும். இன்னொரு விதி, மோட்டாரின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் வேண்டும் என்றது. அந்த விதிகள் போய் 2010-இலும் பிறகு 2023-இலும் மத்திய மின்சார ஆணையம் புதிய ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. ஆனாலும், மோட்டாருக்கு அருகே முழுவதும் துண்டிக்கிற சுவிட்ச் வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

"பக்கத்திலேயே" என்ற ஒரு சொல்லை மட்டும் மனதில் வையுங்கள். நம் ஊர்க் கதையில் அந்தச் சொல்தான் கைநழுவிப் போனது.

தண்ணீர் இறங்கியது, மோட்டாரும் இறங்கியது

நம் ஆரணியாறு ஆந்திரத்துப் பிச்சாட்டூர் அணையிலிருந்து இறங்கி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி என்று வந்து பழவேற்காட்டில் கலக்கிறது. இதற்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடைப்பட்ட மண் நல்ல நீரோட்டமுள்ள மணல் பூமி. 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியோடு இங்கே நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்றுப் புலங்கள் அமைத்துச் சென்னைக்குத் தண்ணீர் எடுத்தார்கள். நாமும் எடுத்தோம். நகரமும் குடித்தது, நெல்லும் வேர்க்கடலையும் குடித்தன. மீஞ்சூர்ப் பக்கம் கடல் நீர் உள்ளே ஏறி வருகிற அளவுக்கு நீர்மட்டம் இறங்கியது.

தண்ணீர் இறங்க இறங்க நாம் என்ன செய்தோம்? மேலிருந்து உறிஞ்சுகிற பம்புக்கு ஓர் எல்லை உண்டு. ஏறக்குறைய 20, 25 அடிக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் அதனால் உறிஞ்ச முடியாது. ஆகவே மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கினோம். இன்னும் இறங்கியது, இன்னொரு மேடை. பிறகு போர் போட்டு, நீர்மூழ்கி மோட்டாரை நூற்றுக்கணக்கான அடி கீழே விட்டோம். ஆனால் சுவிட்ச் மேலே கொட்டகையிலேயே இருந்தது. விதி "பக்கத்திலேயே" என்றது. தண்ணீர் இரண்டையும் பிரித்துவிட்டது. மோட்டாரில் கை வைக்கிறவன் கீழே, சுவிட்ச் மேலே, நடுவே 40 அடி இருட்டு. மேலே யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது.

முறை கரண்டும் ஆட்டோ சுவிட்சும்

இன்னொரு பக்கம் கரண்ட் கதை. யூனிட்டுக்கு ஒரு பைசா, இரண்டு பைசா என்று விவசாயி கணக்குப் பார்த்த காலம் இருந்தது. கட்டண உயர்வை எதிர்த்து 1970-இலும் 1972-இலும் கோவைப் பக்கத்து விவசாயிகள் நாராயணசாமி நாயுடு தலைமையில் போராடினார்கள். 1972-இல் கோவை நகரத் தெருக்களில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உயிர்ப்பலியும் ஏற்பட்டது. பிறகு 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. பணம் கட்டுவது நின்றது. ஆனால் மும்முனைக் கரண்ட் நாள் முழுவதும் கிடைக்கவில்லை. பகலில் இத்தனை மணி நேரம், இரவில் இத்தனை மணி நேரம் என்று பல ஆண்டுகள் முறை வைத்துத்தான் கொடுத்தார்கள். முறையும் சில நாள் சொன்னபடி வரும், சில நாள் தவறி வரும்.

ஸ்டார்ட்டர் செய்தவர்கள் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு காயில் இருக்கும். கரண்ட் போனால் அந்தக் காயில் விட்டுவிடும். ஸ்டார்ட்டர் 'ஆப்' ஆகிவிடும். மறுபடி கரண்ட் வந்தாலும், ஆள் வந்து பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். எண்ணெய் எஞ்சினுக்குக் கைப்பிடி போட்டுச் சுற்ற ஆள் வேண்டியிருந்ததே, அதே பாதுகாப்பை மின்சாரத்திலும் கொண்டுவந்தது அந்தக் காயில்தான்.

ஆனால் ராத்திரி 12 மணிக்கு வருகிற கரண்ட்டுக்கு யார் எழுந்து போவது? வரப்பில் பாம்பு, மழையில் சேறு, பகலெல்லாம் உழைத்த உடம்பு. ஆகவே ஆட்டோ சுவிட்ச் வாங்கி மாட்டினோம். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே புறப்படும். இதை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தேவை உண்மையானது. ஆனால் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'தானாகப் புறப்படாது' என்று ஏற்றக் காலத்திலிருந்து நமக்கு இருந்த ஒரே காவலை நாமே எடுத்துவிட்டோம். நான் முதலில் சொன்ன அண்ணன்காரரின் விரலை எடுத்தது அந்த ஆட்டோதான்.

இப்போது அடுத்த படியும் வந்துவிட்டது. செல்போனில் மோட்டாரை ஓட்டுகிற கருவி. வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியத்திலும் கிடைத்திருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அப்பா கிணற்றில் கை வைத்திருக்கிறார், மகன் சென்னையில் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு "தண்ணி கட்டலியே" என்று நினைவு வந்து பட்டனை அமுக்குகிறான். அவன் மேல் குற்றம் சொல்ல முடியுமா?

கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த பூட்டு

இதற்கு ஒரு வழி உண்டா? உண்டு. அதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அந்த அண்ணன்காரர் வீட்டிலேயே பார்த்தேன்.

சில ஆண்டுகள் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனேன். கொட்டகையில் மெயின் சுவிட்ச் கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. அதில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. கூடவே ஓர் அட்டை: "வேலை நடக்குது, போடாதே." மெக்கானிக் நீர்மூழ்கி மோட்டாரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். சாவி யாரிடம் என்று கேட்டேன். மெக்கானிக் தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். பூட்டை வாங்கிக் கொடுத்தது தம்பியின் மகன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். "எங்க கம்பெனியில பூட்டு மாட்டாம மோட்டார்ல கை வெச்சா வேலையே போயிடும் சார். பெரியப்பாவுக்கு அன்னிக்கு ஒரு பூட்டு இருந்திருந்தா…" என்றான். மேலே பேசவில்லை.

தொழிற்சாலைகளில் இந்தப் பழக்கமும் எளிதில் வரவில்லை. பல பேர் அடிபட்ட பிறகுதான் வந்தது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இதற்கென்று ஒரு பிரிவு இருந்தது. 'ஆப்' நிலையிலிருந்து தவறிப்போய் 'ஆன்' ஆகக்கூடிய சுவிட்சைப் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பிரிவில் சேர்த்தது. அமெரிக்காவில் 1989-இல், பூட்டி, அட்டை மாட்டிய பிறகே இயந்திரத்தில் கை வைக்க வேண்டும் என்று தனி விதியே வெளியிட்டார்கள். முறை எளிது: வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே மாட்டுவார், சாவி அவரவர் பையில். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டு. கடைசி ஆள் கடைசிப் பூட்டைக் கழற்றும்வரை கைப்பிடி ஏறாது. முதலாளியே வந்தாலும் ஏறாது.

தொழிற்சாலையில் இதைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவார். நம் கிணற்றடிக்கு யார் வருவார்? முதலாளியும் நாமே, தொழிலாளியும் நாமே, இன்ஸ்பெக்டரும் நாமே.

நாம் செய்ய வேண்டியது

மோட்டாரிலோ, பம்பிலோ, ஸ்டார்ட்டரிலோ, கேபிளிலோ கை வைப்பதற்கு முன் இவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

முதலாவது, ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டனை அமுக்கி மோட்டாரை நிறுத்துங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். பட்டனை அமுக்கினால் மோட்டார்தான் நிற்கும். ஸ்டார்ட்டருக்கு வந்து சேர்கிற கரண்ட் அங்கேயே நிற்கிறது. ஆட்டோவையும் செல்போன் கருவியையும் 'ஆப்' செய்யுங்கள். அதுவும் போதாது.

இரண்டாவது, மெயின் சுவிட்ச் கைப்பிடியைக் கீழே இறக்குங்கள். 'கரண்ட் இல்லாத நேரம்தானே' என்று இதை விடவே விடாதீர்கள். கரண்ட் இல்லாத நேரத்தில்தான் இது கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, பெட்டியைத் திறந்து மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்குங்கள். ஒன்றை மட்டும் பிடுங்கினால் போதாது. மற்ற இரண்டு முனை வழியாக வருகிற கரண்ட் மோட்டாரின் காயிலைச் சுற்றி மூன்றாவது முனைக்கும் வந்துவிடும். பிடுங்கிய மூன்று கட்டைகளையும் கீழே இறங்குகிறவர் தன் மடியிலோ பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். கொட்டகை மாடத்தில் வைக்கக் கூடாது.

நான்காவது, மூடியை மூடி, கைப்பிடியில் பூட்டு மாட்டுங்கள். பல பெட்டிகளில் இதற்கென்றே துளை இருக்கிறது. இல்லாவிட்டால் கொட்டகைக் கதவையாவது பூட்டுங்கள். சாவி வேலை செய்கிறவரிடம். அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள்.

ஐந்தாவது, டெஸ்டரால் சோதியுங்கள். முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வைத்து, டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள். பிறகு மோட்டார் பக்கத்து மூன்று முனையிலும் வைத்துப் பாருங்கள். மறுபடி பழைய இடத்தில் வைத்துப் பாருங்கள். செத்துப்போன டெஸ்டரை நம்பிச் செத்தவர்கள் உண்டு. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லையென்றால் டெஸ்டர் எதையும் சொல்லாது. அப்போது நம்மைக் காப்பது பூட்டும், நம் பையில் இருக்கிற பியூஸ் கட்டையும்தான்.

ஆறாவது, கண்டன்சர் மாட்டியிருந்தால் உடனே தொடாதீர்கள். கரண்டைத் துண்டித்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். சில நிமிடம் பொறுத்து, விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் அதை இறக்கிய பிறகே கை வையுங்கள்.

ஒன்றை முக்கியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மெயின் சுவிட்சை இறக்கினாலும், கம்பத்திலிருந்து வருகிற ஒயர் சேர்கிற அதன் மேல்முனைகளில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்தப் பெட்டியையோ மீட்டரையோ பழுது பார்ப்பது நம் வேலை அல்ல. மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, லைன்மேன் வந்து கம்பத்தில் துண்டித்த பிறகே அதைத் தொட வேண்டும். மின்னகம் எண் 94987 94987. எந்த நேரமும் கூப்பிடலாம். கம்பத்தில் நாமே கொக்கி போட்டு எடுப்பது, நாமே ஏறுவது, இவை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கரண்ட் அடித்து ஒருவர் ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்குங்கள். அதற்காகவே கொட்டகைக் கதவுக்கும் சுவிட்சுக்கும் நடுவே உர மூட்டை, மருந்து டப்பா, பழைய பைப் எதையும் அடுக்காதீர்கள். அவசரத்தில் கை எட்ட வேண்டிய இடம் அது. சுவிட்ச் எங்கே, எப்படி இறக்குவது என்று வீட்டுப் பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். காப்பாற்ற ஓடி வருகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இவ்வளவுக்கும் செலவு என்ன? ஒரு பூட்டு. வீட்டுக் கதவுக்கு ஒரு பூட்டு, நெல் போட்ட அறைக்கு ஒரு பூட்டு, பீரோவுக்கு ஒரு பூட்டு என்று வாங்குகிறோம். நம் கைக்கும் ஒரு பூட்டு வாங்கலாம் அல்லவா?

அந்த அண்ணன்காரர் இன்னும் விவசாயம் செய்கிறார். நாற்றுக் கட்டை இடது கையால் பிரித்துப் போடுகிறார். களத்தில் நெல்லை அள்ளிப் பார்த்து ஈரம் சொல்கிறதும் இடது கைதான். போன அறுவடையின்போது அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவர் சொன்னார்: "எங்க தாத்தா கவலை ஓட்டுனாரு சார். வடத்தைச் சரி பண்ணணும்னா முதல்ல மாட்டை அவுத்துக் கட்டிட்டுத்தான் கையை வெப்பாரு. நான் மாட்டை அவுக்காமயே கையை வெச்சுட்டேன்."

இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது. அடுத்த முறை மோட்டாரில் கை வைக்கும்போது, முதலில் மாட்டை அவிழ்த்துக் கட்டுங்கள். கட்டிய கயிற்றின் நுனி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.